சுதிக்கவை

சேதுராமன் குடிக்க மாட்டான். மலாக்காவின் தெங்கேராவில் அக்கம்பக்கத்தார் அவனைப் பற்றிச் சொல்லும் முதல் சேதி அதுதான். அவன் அறைந்து பெண்டாட்டி பூங்காவனத்தின் இடது காது சவ்வு கிழிந்தபோதும், "குடிக்காத மனுஷன், ஏதோ கோவத்துல கை நீண்டுருச்சு" என்றார்கள். ஆற்றங்கரைக் கிடங்கில் அரிசி மூட்டை தூக்கும் கை அது. அன்று குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வேறொன்றுமில்லை.

காது சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் மருந்து போட்டவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "இந்தப் பக்கம் அவ்வளவுதான்மா. அந்தப் பக்கத்துலயும் இப்படி ஒண்ணு விழாம பாத்துக்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அன்று முதல் பூங்காவனம் செத்த காதைப் பாயில் அழுத்தி, வலது காது மேலே இருக்கும்படி படுத்தாள். கைக்குழந்தை ஜெயா அழுதால் கேட்பதற்கு அந்த ஒரு காதுதான் மிச்சம். அவன் கை ஓங்கும்போதெல்லாம் இடது கன்னத்தைத் தானாகவே முன்னால் காட்டப் பழகிக்கொண்டாள்.

காஜா பெராங்கில் இருக்கும் தம்பிராஜா பிள்ளையைப் பற்றிச் சொன்னவன் அவள் தம்பி கலியாணசுந்தரம். பிள்ளை மலாக்கா செட்டி, அங்கேயே தலைமுறைகளாக வேரூன்றிய இந்துக் குடி. கோயிலில் தேவாரம் ஒலிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது, பேச்செல்லாம் மலாய். துரைமார் வீட்டுப் பியானோக்களுக்குச் சுருதி கூட்டிப் பிழைத்தவர். வயதான பிறகு, உடம்பும் ஒரு வாத்தியம்தான், நோய் என்பது சுருதி விலகுவதுதான் என்று சொல்லி, சுருதி பார்க்கும் இரட்டைக் கிளை இரும்புக் கவைகளை வைத்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பூங்காவனம் நம்பிப் போகவில்லை. சும்மாதான் போனாள். முழங்கை நீளமிருந்த பெரிய கவையை அவர் ரப்பர் கட்டையில் தட்டி அவளுடைய இடது காதுக்கு நேரே பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றினார்.

செத்த காதுக்குள் மணி போல ஒன்று பாடியது.

"டெங்ஙார்?" என்றார் பிள்ளை. கேட்கிறதா என்று அர்த்தம்.

தலையை ஆட்டினாள். செத்ததைப் பாட வைக்கிற இரும்பு, உயிரோடிருக்கும் ஒரு மனிதனை அடக்காதா? அன்றைக்கே தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள். அடிப்பதற்கு முன்னால் தலைக்குள் வண்டு இரைகிறது என்று சேதுராமன் சொல்வதுண்டு. பிள்ளை அதைக் கேட்டுக் கவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இரைச்சலுக்கு ஏற்ற சுருதியைக் கண்டுபிடித்துவிட்டால் அது அடங்கிவிடும், அழைத்து வரலாம் என்றார்.

ஆச்சரியமாகச் சேதுராமனும் சம்மதித்தான். "இந்த வண்டு சாகட்டும் புள்ள. எனக்கு மட்டும் ஆசையா?" என்றான். அப்போது அவன் முகம் சின்னப் பையனுடையது போல இருந்தது. அவனை அவளால் முழுசாக வெறுக்க முடியாமல் போவது இந்த மாதிரி நேரங்களில்தான்.

எப்போது வரலாம் என்று கேட்டுவர கலியாணசுந்தரம் போனான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"வெள்ளிக்கெழம சாயந்தரமாம். என்னமோ 'சுதி மெஸ்தி நாய்க் டூலு'ன்னாரு. மொதல்ல சுதி ஏறணுமாம்க்கா. மாமாவப் பாக்காமலே நாய்னு கண்டுபிடிச்சிட்டாரு பாரு."

"நாய்க்னா ஏறுறதுன்னு ஒனக்குத் தெரியாதாக்கும். வாயக் கழுவு."

"ஊருக்கே மெர்டேக்கா வருது, ஒனக்கு எப்பக்கா? சரி விடு. சுதி ஏத்துறத நான் பாத்துக்கிறேன்."

என்ன பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குச் சுதி என்றால் அந்தக் கவையின் பாட்டுதான்.

வெள்ளிக்கிழமை குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவிடம் விட்டுவிட்டு, பூங்காவனம் முன்னதாகவே காஜா பெராங் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் மெர்டேக்கா நாளின் சுதந்திர வளைவுகளுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் கூடத்தில் பழைய பியானோ ஒன்று வாயைத் திறந்து கிடந்தது.

கலியாணசுந்தரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு சேதுராமன் வாசற்படியில் இடறிக்கொண்டே ஏறினான். முகம் சிவந்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தான். கூடவே சம்சுச் சாராய வாடை வந்தது.

பூங்காவனம் தம்பியை மூலைக்கு இழுத்தாள். "என்னடா குடுத்த?"

"அவருதானக்கா சுதி ஏத்திட்டு வரச் சொன்னாரு. பிள்ளை குடுத்த மருந்துன்னு சொன்னேன், மாமா மடமடன்னு குடிச்சிட்டாரு."

அவள் பிள்ளையிடம் ஓடிப்போய், வேண்டாம், குடித்திருக்கிறார், இன்னொரு நாள் வருகிறோம் என்று மலாயில் சொன்னாள். பிள்ளைக்கு ஜலதோஷம், வாடை தெரியவில்லை; அவள் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். எல்லோரும் முதலில் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, கவையைத் தட்டிச் சேதுராமனின் உச்சந்தலையில் ஊன்றினார்.

சேதுராமன் கண்ணை மூடினான். தோள்கள் தளர்ந்தன. "அடங்குது புள்ள" என்றான் மெதுவாக. மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. அந்த ஒரு கணம் பூங்காவனம் எல்லாவற்றையும் நம்பினாள்.

பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாய்க்" என்றார். சுருதி ஏறுகிறதாம். "நாய்க், நாய்க்."

சேதுராமன் கண்ணைத் திறந்தான். "யாரு நாய்?"

யாரும் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்துவிட்டது. கிழவரின் மூக்குக்கண்ணாடி சுவரில் பட்டுத் தெறித்தது. விழுந்தவரை விலாவில் மிதித்தான். கவை தரையில் உருண்டது. "மாமா, மாமா" என்று இடுப்பைக் கட்டிக்கொண்ட கலியாணசுந்தரத்தின் பிடரியைப் பிடித்து, முகத்தைப் பியானோக் கட்டைகளில் மோதினான். கனத்த ஸ்வரங்கள் ஒன்றாக அலறின. மறுபடியும் மோதினான். வெள்ளைக் கட்டைகளில் ரத்தமும் ஒரு பல்லும் கிடந்தன. தம்பி சரிந்த பிறகும் பெட்டிக்குள் கம்பிகள் முனகிக்கொண்டிருந்தன.

பிறகு அவள் பக்கம் திரும்பினான். "எல்லாம் ஒன்னாலதான்டி."

பழக்கத்தில் இடது கன்னம் தானாக முன்னால் போனது. ஓங்கிய கை பாதியில் நின்றது. அவன் அவளை உற்றுப் பார்த்தான்.

"அதுதான் செத்த காதாச்சே" என்று சிரித்தான். கூந்தலைச் சுருட்டிப் பிடித்து, அவள் தலையை மறுபக்கம் திருப்பினான். அவன் முறுக்கிய வேகத்தில் அவள் முட்டி தரையில் மோதியது. துழாவிய விரல்களில் இரும்பு தட்டுப்பட்டது.

முதல் அடி அவன் முழங்காலில் விழுந்தது. குனிந்தவனின் காதோடு சேர்த்து இரண்டாவது அடி. கவை பாடியது, அந்த அதிர்வு மணிக்கட்டு வழியாகத் தோள்வரை ஏறியது. கூந்தல் விடுபட்டது. விடுபட்ட பிறகும் அதே இடத்தில் இன்னொரு முறை அடித்தாள். அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது.

"போதும்க்கா" என்று கலியாணசுந்தரம் உடைந்த வாயால் சொன்னான். "போலீஸ் வந்தா என்ன சொல்றது?"

"வரட்டும்."

பிள்ளை விலாவைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். பூங்காவனம் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தம்பியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். கீழே கிடந்தவன் காதைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தான்.

"என்ன சொல்ற?" என்றான். அவள் எதுவும் சொல்லவில்லை. "கேக்கல புள்ள. சத்தமாச் சொல்லு."

அவள் கவையை ரப்பர் கட்டையின் பக்கத்தில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தெங்கேராவரை நடந்தாள். முட்டி வீங்கி நொண்டினாள். பொன்னம்மா வீடு இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் ஜெயா அழும் சத்தம் கேட்டது. பசி அழுகை. பூங்காவனம் தெருவில் நின்று, முகத்தை லேசாகத் திருப்பி, வலது காதால் அதைச் சரியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஓடினாள்.