மரத்துப்போன இடம்

பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட மூன்றாம் நாள் காலையில், பேருந்து நிலைய அறிவிப்பாளரின் இடது தாடையில் ஓர் இலை துளிர்த்தது. சவரம் செய்யும்போது அதையும் சேர்த்து மழித்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். மறுநாள் அதே இடத்தில் இரண்டு இலைகள் இருந்தன. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வலி மட்டும் துளியும் இல்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மனைவி இறந்த வாரத்தில்தான் அந்தக் கடைவாய்ப்பல் குடையத் தொடங்கியது. சொத்தைதானே, அடைத்து அனுப்பிவிடுவார்கள் என்று நம்பிப் போனவரிடம், சொத்தை நரம்புவரை இறங்கிவிட்டது, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். வேரையே பிடுங்கப்போகிறீர்களா என்று இவர் கேட்டார். எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான் என்பதால் டாக்டர் அலுக்காமல் விளக்கினார். "வேர் அங்கேயேதான் இருக்கும். உள்ள இருக்கிற நரம்பைத்தான் சுத்தமா எடுத்துட்டு, அடைச்சு, மேல ஒரு கேப் போடுவோம். பல்லு நிக்கும், வலி தெரியாது." பல்லுக்கு மட்டும்தானா என்று இவர் கேட்க நினைத்தார், அதற்குள் ஊசி ஈறில் இறங்கிவிட்டது. அன்றைக்கு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, மீதிக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மரப்பு சாயங்காலத்துக்குள் விட்டுவிடும் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர் வாசலில் மனைவியின் செருப்பைப் பார்த்தார். நெஞ்சில் ஒன்றும் ஆகவில்லை. இந்த மரப்பு விடவே கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டார். அது விடவில்லை. அடுத்த வாரம் அவர் போகவும் இல்லை.

அந்த வருஷம் முழுக்க மரம் இறங்கிக்கொண்டே இருந்தது. கழுத்து போயிற்று, தோள் போயிற்று, பிறகு மார்பின் இடப்பக்கம். அவர் பாதி வாயால் அறிவித்த ஊர்ப் பெயர்களுக்குப் பயணிகள் பழகிக்கொண்டார்கள். மேலதிகாரி பெரிய மனது பண்ணி, வெயில் படும்படி நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொன்னார். வேர் பிடித்துவிட்டால் மனுஷன் லீவே போடமாட்டார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்தார்கள். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

மகள் மட்டும் அதுவரை எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்பாவிடம், "மரம் மாதிரி நிக்கிறீங்களேப்பா!" என்று கத்திவிட்டுப் போனவள் அவள். அப்பா மரமாகிவருகிற செய்தி காதில் விழுந்ததும், தன் வாய் முகூர்த்தம்தான் பலித்துவிட்டது என்று பதறி ஓடி வந்து, அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். இனிப் பல்லைப் பிடுங்குவது ஒன்றுதான் வழி; மரத்தில் ஊசி ஏறாது, வலியோடுதான் பிடுங்க வேண்டும்; இப்படியே விட்டால் மூச்சும் மரத்துவிடும்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு பாதி உதட்டால், "வலி வந்தா உங்கம்மாவும் வந்துடுவாம்மா. என்னால தாங்க முடியாது" என்றார்.

"வரட்டும்பா" என்றாள் மகள். "நான் ஒருத்தியா எவ்வளவு நாள்தான் அழுறது?"

அவர் வாயைத் திறந்தார்.

குறடு பல்லைப் பற்றி அசைத்து இழுத்தது. பல் வந்தது, அதன் பின்னால் வேர் வந்துகொண்டே இருந்தது. டாக்டருக்குக் கை ஓய்ந்தபோது மகள் வாங்கி இழுத்தாள். ஈரமண் வாசனையோடு அது அறை முழுக்கச் சுருண்டு கிடந்தது. நுனி வெளியே வந்த நேரம் அவர் போட்ட அலறல் பேருந்து நிலையம் வரை கேட்டது. பல்லுக்காகத் தொடங்கிய அலறல் போகப் போக மனைவியின் பெயராயிற்று. மகள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள்.

மார்பும் தோளும் மெல்லப் பழையபடி சதையாகின. இடது தாடை மட்டும் மரமாகவே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வந்து நகவெட்டியால் இலைகளை நறுக்கிவிடுகிறாள். சில நாட்களில் பேருந்து நிலைய அறிவிப்பு பாதியில் நின்று, ஒலிபெருக்கியில் ஒரு மனிதர் விசும்பி அழுவது கேட்கும். பயணிகள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொன்னதும், எடுத்துக்கொண்டு ஏறிப் போவார்கள்.