பதினொரு ‘பிறகு’

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள்; நான் இப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் மனைவிக்கு இளையவள், அதாவது என் மச்சினி, ஓர் அலமாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அலமாரியைப் பலகை பலகையாகப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்கியவர் வீட்டில் பொருத்திக்கொள்ள வேண்டும். எப்படிப் பொருத்துவது என்று உள்ளே ஒரு தாள் இருக்கும். அதை எழுதுகிறவள் அவள். பெட்டியை ஒட்டுகிறவன் நான்.

தாளில் பன்னிரண்டு வேலை, நடுநடுவே பதினொரு ‘பிறகு’. அதைப் படித்து ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே அலமாரி செய்து முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அவள் “பிறகு” என்றால் அடுப்பில் பால்கூடப் பொங்காமல் காத்திருக்கும்.

புதிதாக ஒரு மேலாளர் வந்தார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்.

“ஏம்மா, தாள் நிறைய ‘பிறகு’ எதுக்கு? ஒண்ணு முடிஞ்சா அடுத்ததைச் செய்யத் தெரியாதா? எல்லாத்தையும் எடுத்துரு.”

“முன்னாடி சொன்னது முடிஞ்சுதுங்கிறதுக்கு அதுதான் சார் அத்தாட்சி. எடுத்தா எல்லா வேலையும் ஒண்ணா வந்து வாசல்ல நிக்கும்.”

“நாளைக்கு ‘பிறகு’ இல்லாம நானே ஒரு அலமாரி பொருத்திக் காட்டறேன். முடிச்சுட்டேன்னா, நீ வேலைக்கு வர வேண்டாம்.”

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது.

மறுநாள் புதுத் தாள் வந்தது. ‘பிறகு’ போனதும் வரிகளுக்குப் பிடிமானம் போய்விட்டது. அச்சடித்தவர் அலமாரிப் படத்தைச் சுற்றி இடம் கிடைத்த மூலையிலெல்லாம் அவற்றைச் செருகியிருந்தார். மேலாளர் கண்ணில் பட்டது ‘உள்ளே நின்று பின்பலகையை முடுக்கவும்’. நின்றார், முடுக்கினார். ‘கதவுகளை மாட்டவும்’. மாட்டினார். ‘பூட்டைப் பொருத்தவும்’. பொருத்தினார். ஓரத்தில் ‘வெளியே வரவும்’ என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்க உள்ளே வெளிச்சம் இல்லை.

“யாராவது இருக்கீங்களா?” என்றது அலமாரி.

நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். ம்ஹூம்.

“உடைச்சிடலாமா?” என்றேன்.

“சும்மா இருங்க அத்தான்.” ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கதவருகே உட்கார்ந்தாள். “சார், கடைசியா என்ன செஞ்சீங்க?”

“பூட்டு மாட்டினேன்மா.”

“அப்ப அதுதான் முதல்ல. திருகாணியைக் கழட்டுங்க.”

உள்ளே கரகரவென்று சத்தம். நின்றது. மெல்ல அவர் குரல் வந்தது:

“பிறகு?”



“பிறகு, கீலைத் தளர்த்துங்க சார்.”

பூட்டு கழன்றதுமே அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. அவள் குரல் ஆளை அப்படிக் கட்டிப்போட்டுவிட்டது. பதினொரு தடவை “பிறகு?” கேட்டார், நான் எண்ணினேன். முடிவில் அலமாரி முழுவதும் பலகைகளாகப் படுத்திருந்தது. நடுவில் அவர் மட்டும் திருப்புளியோடு நின்றார்.

“தாளைப் பழையபடியே போட்டுடும்மா.”

“சரிங்க சார். பிறகு?”

“பிறகு என்ன, நாளைக்குக் காலையில நேரத்தோட வந்துரு.”

இப்படியொரு மச்சினி யாருக்கு வாய்க்கும்? சந்தேகம் இருந்தால் என் மனைவியையே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் தன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.