முப்பது வினாடி மகள்

...இல்லை, மஞ்சள்தான், மஞ்சள் கோட்டுதான் போட்டிருந்தாள் மகள் கிறிஸ்டா, வேறு எதைப் போட்டிருக்க முடியும், நாலு வருஷமாகத் தொலைக்காட்சியில் அந்தத் தேர்தல் விளம்பரத்தை எத்தனை தடவை பார்த்தாயிற்று, என்று நினைத்தபடி லோர்னா தன் சொந்தச் சமையலறையில் விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பெண் அவள் நெற்றியில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தாள், பக்கத்து வயலில் சோளம் அறுக்கும் எந்திரத்தைப் படம்பிடிக்க வந்தவர்களில் யாரோ போய் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், சத்தம் நின்றதும் வீடு மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது... எதிரே முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் மெரெடித், வாஷிங்டன்காரி, நல்ல பெண், மாநிலம் மாநிலமாகத் தங்கள் கட்சி ஆளை அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, ஜெயிக்க வைப்பதுதான் அவள் குழுவின் பிழைப்பு, போன தேர்தலில் அயோவாவில் ஹால்வர்சன் ஜெயித்தது கிறிஸ்டாவால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், சிறையிலிருந்து முன்கூட்டியே விடுதலையான ஒருவன் கையில் செத்தாள் அவள், அப்படிப்பட்டவர்களை இனி வெளியே விடமாட்டேன் என்றார் ஹால்வர்சன், லோர்னா நம்பினாள், இப்போதும் நம்புகிறாள், நம்பாமல் என்ன செய்வது? மிசௌரியிலிருந்து நாத்தனார் போன் பண்ணி, "உன் பொண்ணை இங்கயும் காட்டறாங்க, ஆனா வேற யாரோ வேட்பாளரால செத்தான்னு சொல்றாங்களே" என்றபோதுகூட, சரி, போகட்டும், இன்னும் நாலு பேர் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதானே இருந்தாள், பார்க்கிறவரை அவள் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறாள் அல்லவா...

"கிளம்பறப்போ அவ என்ன சொன்னான்னு சொல்லுங்கம்மா, போன தடவை மாதிரியே, ஜன்னலைப் பார்த்து," என்றாள் மெரெடித். லோர்னா ஜன்னலைப் பார்த்தாள். சீக்கிரம் வந்துடறேம்மா, எனக்கும் சாப்பாடு எடுத்து வை... 'எடுத்து வை'யில் தொண்டை தானாக அடைக்கும், அடைத்தது, அப்போதுதான் கதவருகே நின்ற டேல், கல்யாணமான நாளிலிருந்து அவளை ஒரு பேச்சில்கூட இடைமறிக்காத மனுஷன், "அவ அப்படிச் சொல்லலையே, லோர்னா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "அன்னிக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. எனக்குக் கொட்டகை வரைக்கும் கேட்டுது. கதவை அறைஞ்சுட்டுப் போனா. அந்த மஞ்சக் கோட்டு இவங்க கொண்டாந்தது, நடந்து போறது நடிக்க வந்த பொண்ணு. நீ நிஜமாவே மறந்துட்டியா?" மறந்துவிட்டாளா... பின்னாலிருந்து அச்சு அவளேதானே, அந்த நடை, தோளைக் கொஞ்சம் சாய்த்து... கிறிஸ்டா தோளைச் சாய்ப்பாளா, எந்தத் தோளை?

"சண்டை இல்லாத வீடு எதுங்க சார்," என்றாள் மெரெடித், "ஆனா அதைச் சொன்னா பார்க்கறவங்க மனசு வேற எங்கயோ போயிடும்." லோர்னா அவள் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். "நடந்ததைச் சொல்றேன். காமிராவை ஓட்டுங்க," என்றாள். சொன்னாள். எங்களுக்குள் சண்டை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவை அறைந்துவிட்டுப் போனாள்... சொல்லும்போதே வார்த்தைகள் யாருடைய வீட்டிலிருந்தோ இரவல் வாங்கியவைபோல வாயில் உருண்டன, எதற்காகச் சண்டை, காரா, அவளோடு சுற்றிய பையனா, கண் வறண்டு கிடந்தது, காமிராக்காரர் தரையைப் பார்த்தார். சின்னத் திரையில் போட்டுக் காட்டினார்கள், அங்கே ஒரு கிழவி கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். "இது வேண்டாம்மா," என்றாள் மெரெடித், பாசமாகத்தான், "நடிக்கிற மாதிரி இருக்கு." லோர்னா டேலைத் திரும்பிப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்று, அவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது... பிறகு அவள் பழையதையே சொன்னாள், ஒரே தடவையில் சரியாக வந்தது, கண்ணீர் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது, பவுடர் போட்ட பெண்கூட அழுதாள்.

விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், டேல் கொட்டகைக்குப் போய்விட்டார், லோர்னா அதே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டாள், கோட்டு எந்த நிறமாகவும் இருக்கட்டும், சண்டை எதற்காகவும் இருக்கட்டும், எனக்குக் குரல் போதும், கத்தியிருந்தாலும் சரி, வைதிருந்தாலும் சரி... கதவு தெரிந்தது, கதவருகே பெண் தெரிந்தாள், தோள் தெரிந்தது, திரும்புடி, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாரு என்று கெஞ்சினாள், திரும்பினாள், கிறிஸ்டாவேதான், அந்தத் துருத்திய பல், கோபத்தில் சிவந்த மூக்கு, அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள், லோர்னா நாற்காலிக் கையை இறுகப் பற்றிக்கொண்டு காதைக் கொடுத்தாள், வாய் அசைந்தது, சீக்கிரம் வந்துடறேம்மா என்று வந்தது, லோர்னாவின் குரலில்.