ரம்பம் பார்த்த தச்சர்

அப்பாவின் குடலிறக்க ஆபரேஷனுக்கு மூன்று முறை தேதி குறித்தாயிற்று. முதல் முறை சளி என்றார், இரண்டாம் முறை மழை, மூன்றாம் முறை மனசு சரியில்லை. நாளையும் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆயுசு முழுக்க ரம்பமும் உளியுமாக வாழ்ந்த தச்சருக்கு ஒரு சின்னக் கத்தியைக் கண்டு பயம்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அந்தக் கால வைத்தியத்தைப் பார்த்தால் இந்தக் காலத்தின் அருமை புரியும் என்று கணக்குப் போட்டு, பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருக்கும் மருத்துவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் அறையிலேயே ஆளைக் கட்டிப்போடத் தோல்வார் வைத்த மேஜை. அடுத்த அறையில், மயக்க மருந்து வருவதற்கு முந்திய காலத்து எலும்பு ரம்பம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அப்பா கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. மயங்கி விழுந்துவிடுவாரோ என்று பக்கத்தில் போனேன்.

"பல்லுக்கு நல்லா அரம் போட்டுத் தீட்டியிருக்கான்," என்றார். "ஆனா முனைக்கிட்ட ஏன் இப்படித் தேஞ்சிருக்கு? அறுக்கிறவன் அங்க பிடிக்க மாட்டானே."

"எடுத்துக் குடுத்தவங்க பிடிச்ச இடமா இருக்கும்ப்பா. பிடி டாக்டர் கைக்குப் போகணும்ல."

"நீ சின்னதுல எனக்கு உளி எடுத்துத் தருவியே, அந்த மாதிரி." கண்ணாடியை விட்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு யாரு எடுத்துக் குடுக்கிறது?"

"வேற நர்ஸ். நான் லீவு போட்டிருக்கேன். சொந்தக்காரங்கன்னா கை நடுங்கும்ப்பா."

"அப்ப நானும் லீவு."

சொல்லிவிட்டு, மாடிப்படிக் கைப்பிடியின் இணைப்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கம். அவரைச் சாக்குச் சொல்கிறார் என்று திட்டிய நானும் சாக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

"பட்டறையில என் விரலு வெட்டுப்பட்டப்ப நீதான துணி சுத்தின? கை நடுங்கலையா?"

"நடுங்குச்சு."

"கட்டு நின்னுச்சுல்ல."

வாசலிலேயே தலைமை நர்ஸுக்குப் போன் செய்து, லீவு வேண்டாம், நாளைக்கு அப்பா ஆபரேஷனுக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். சொந்த அப்பாவுக்கா என்று பொரிந்து தள்ளினார், டாக்டரைக் கேட்டுவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சாவியைத் தேடுவதாகச் சொல்லி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தவள் நான்தான்.