புழுவின் வலது பக்கம்

1

இந்தக் கதை என் பல்லில் பிறந்தது. ஒரு காதல் கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி வரவில்லை. பக்கத்தில் கிண்ணத்திலிருந்த கொட்டைகளைக் கொறித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கடித்ததும் எதிர்பாராத மென்மை. கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்தேன். அதற்குள் வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக அரைப் புழு. மற்ற அரை எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

பத்துத் தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது காதலர்கள் இருவரும் ஓடிப்போயிருந்தார்கள். புழு மட்டும் இருந்தது. யாரென்று விசாரித்தேன். மூக்கு நீண்ட கூன்வண்டின் பிள்ளையாம். தாய் வண்டு பிஞ்சுக் கொட்டையை மூக்கால் துளைத்து, உள்ளே முட்டை வைத்துவிட்டுத் தன் வழியே போய்விடும். கொட்டை வளர வளரத் துளை தூர்ந்துபோகும். உள்ளே பிறக்கும் பிள்ளைக்குக் காலே கிடையாது. வீடே சாப்பாடாக இருக்கும்போது கால் எதற்கு? [இந்த வரியை யார் அடிக்கச் சொன்னாலும் அடிக்க மாட்டேன்.]

2

அடித்துப்போட்ட முதல் வரிகள்:

கொட்டைக்குள் சுருண்டு கிடந்த புழு தன் எதிர்காலத்தை எண்ணி... (புழு எதையும் எண்ணாது. எண்ணுவதெல்லாம் நாம்தான்.)

மழை வலுக்கத் தொடங்கியிருந்த அந்தக் காலையில்... (மழையை எழுதினால் முழுக் கதைக்கும் குடை பிடிக்க வேண்டும்.)

தங்கை ஒருத்தி ஒரு புழுவின் தலையில் முடி எண்ணிக்கொண்டிருந்தாள்.

இது நின்றது. அந்தத் தங்கை பூச்சி ஆய்வகத்தில் படம் வரைபவள். அங்கே அதிகாரியாக இருப்பவள் அவளுடைய சொந்த அக்கா. வெளியிலிருந்து வரும் விதைகளில் தடை செய்யப்பட்ட பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை.

கூன்வண்டின் புழுக்கள் எல்லாம் ஒரே அச்சு. வெள்ளை, வளைவு, கால் இல்லை. யார் யாரென்று பிரிப்பதற்குத் தலைமுடியைத்தான் எண்ண வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன் அக்கா ஒரு கையேடு எழுதினாள். தலையின் ஒரு பக்கத்தில் நான்கு முடி இருந்தால் சாதா வண்டு, விதையை வெந்நீரில் ஊறவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐந்து இருந்தால் தடை வண்டு, விதை முழுவதையும் எரிக்க வேண்டும். கையேட்டின் படங்கள் தங்கை வரைந்தவை.*

* அந்த முடிகளை நான் இட்டுக்கட்டினேன். வீட்டிலுள்ள புழுக்களைப் பிடித்து எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

3

இப்போது ஆய்வகத்தின் முற்றத்தில் நாற்பது மூட்டை விதை ஒரு மாதமாக முடங்கிக் கிடக்கிறது. கொண்டுவந்தவர் நாற்றங்கால்காரர். சரிந்துபோன ஒரு மலைச்சரிவு முழுக்க மரம் நடுவதற்கான விதை. அந்த மரம் ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படிக் காய்க்கும். இதை எரித்துவிட்டால் மலை இன்னும் ஏழெட்டு வருடம் மொட்டையாகவே நிற்கும்.

விதைகளிலிருந்து வெளிவந்த புழுக்களை ஆய்வக வழக்கப்படி வெந்நீரில் முக்கி, சாராயக் குப்பியில் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் அவை கறுக்காமல் இருக்கும். இடது பக்கம் ஐந்து முடி. அக்கா எரிப்பு உத்தரவைத் தட்டச்சு செய்து மேசைமேல் வைத்திருந்தாள். மூன்று நாளாகக் கையெழுத்துப் போடவில்லை. அக்காவுக்கு வேலைப்பளு என்று தங்கை நினைத்துக்கொண்டாள். [நானும் அப்படித்தான் நினைத்தேன்.]

உத்தரவோடு இணைக்க ஒரு படம் வேண்டும். தங்கை வழக்கம்போல வரைந்தாள். புழுவின் தலையில் இடது பாதியை மட்டும் மெல்லிய தாளில் வரைவாள். அந்தத் தாளைக் கவிழ்த்து ஒற்றி எடுத்தால் வலது பாதி தானாக வந்துவிடும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பாதி நேரம் மிச்சம், முகமும் கோணாது.

அன்றைக்குப் புழுவை அசையாமல் பிடித்திருந்த ஊசி சற்று வழுக்கியது. புழு புரண்டு வலது பக்கத்தைக் காட்டியது. அவள் சும்மா எண்ணினாள். நான்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். அதே நான்கு.

பழைய அலமாரியைத் திறந்து, கையேட்டில் சாதா வண்டு என்று அவள் வரைந்த அதே புழுவின் குப்பியை எடுத்தாள். இடது பக்கம் நான்கு, சரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் திருப்பிப் போட்டாள். வலது பக்கம் ஐந்து. அப்படியானால் ஐந்து முடி சாதா வண்டுக்கும் இருக்கும். எதை வைத்து எரிப்பது?

குப்பி எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைப் புரட்டினாள். அதே குப்பியைக் கடைசியாக எடுத்தவர் பெயருக்கு நேரே அக்காவின் கையெழுத்து. மூன்று வருடங்களுக்கு முந்தைய தேதி.

4

இங்கே தங்கை அழுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவள் மறுத்துவிட்டாள். நேராக அக்காவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

அக்கா நோட்டைப் பார்த்தாள். பிறகு குப்பியைப் பார்த்தாள்.

"உக்காரு."

"உக்கார்றதெல்லாம் அப்புறம். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"மூணு வருஷமா? இதுக்கு நடுவுல எதையாவது எரிச்சியா?"

"இல்லடி. அதுக்கப்புறம் அஞ்சு முடி வரவே இல்ல. வந்துடக் கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிட்டேன். இப்ப நாப்பது மூட்டையோட வந்து நிக்குது."

"தப்பு என்னோடது. பாதிய வரைஞ்சு பாதிய ஒத்தினது நான். சொல்லியிருந்தா நான் ஏத்துக்கிட்டிருப்பேன்ல?"

"அதான் சொல்லல." அக்கா மென்று விழுங்கினாள். "நீ மட்டுமா செஞ்ச? நானும் புழுவப் பாத்து எண்ணலயே. உன் படத்தப் பாத்துத்தான எண்ணினேன். அழகா இருந்துச்சு. நம்பிட்டேன்."

"அப்ப என்னைக் காப்பாத்தணும்னு மறைச்சியா, உன்னைக் காப்பாத்திக்கவா?"

அக்கா நோட்டை மூடினாள். "அத மட்டும் நான் எண்ணிப் பாக்கல."

5

ஒரு வாக்குமூலம். அக்காவை அதிகாரி, உத்தரவு போடுகிறவள் என்று ஒரே பக்கமாக வரைந்துவிட்டு, மறுபக்கமும் இப்படித்தான் என்று கவிழ்த்து ஒற்றியது நான். அவள் மூன்று வருடம் பயந்துகொண்டே ஆய்வகம் போய்வந்தது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. தங்கையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? முந்தைய பகுதிகளைத் திருத்தி எழுதலாம்தான். ஆனால் அது பூசி மெழுகுவதாகிவிடும். ஒற்றிய தடம் அப்படியே கிடக்கட்டும்.

6

அப்போது நாற்றங்கால்காரர் கதவைத் தட்டினார். கையில் ஒரு கண்ணாடிப் புட்டி, அதில் முக்கால்வாசி மண்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. வந்த அன்னைக்கே மூட்டைலேருந்து ஒரு புழு விழுந்துச்சு. நீங்க எல்லாத்தையும் வெந்நீர்ல போடுறீங்களேன்னு பாவமா இருந்துச்சு. மண்ணுல விட்டுட்டேன். உள்ள பூந்துக்கிச்சு."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதிப்படி அவர் செய்தது குற்றம். ஆனால் ஆய்வகத்திலேயே உயிரோடு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் புழுதான்.

கொட்டையை விட்டு வெளியேறிய புழு மண்ணுக்குள் தனக்கென ஓர் அறை கட்டிக்கொள்ளும். உடம்பைச் சுழற்றிச் சுழற்றிச் சுவரை வழவழப்பாக்கும். அங்கேயே தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். அதுவரை இல்லாத ஆறு கால்களும் அப்போது மடங்கிய நிலையில் தோன்றும். அதுவரை இல்லாத மூக்கும் நெஞ்சின்மேல் படிந்து கிடக்கும். தடை வண்டுக்கு மூக்கு நீளம், சாதா வண்டுக்குக் குட்டை. இதற்கு முடியே எண்ண வேண்டாம்.

அக்கா கரண்டியை எடுத்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. முதல்ல மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவோம். கையேடு தப்புன்னு."

"மூக்கப் பாத்துட்டு எழுதலாமே."

"மூக்கு நீளமா இருந்துட்டா கையேடு சொன்னதே சரின்னு ஆயிடும், நீ எழுத மாட்ட. எனக்கும் எழுதத் தோணாது."

அக்கா கரண்டியை வைத்துவிட்டு எரிப்பு உத்தரவை இரண்டாகக் கிழித்தாள். திருத்தக் கடிதம் நான்கு வரியில் முடிந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். யார் முதலில் போடுவது என்று சின்னச் சண்டை வேறு.

நாற்றங்கால்காரருக்குப் பாதிதான் புரிந்தது. "எரிக்கணும்னா எரிச்சிருங்க மேடம். ஆனா அதுதான்னு தெரிஞ்சு எரிங்க" என்றார்.

தங்கை மண்ணைக் கரண்டி கரண்டியாக எடுத்தாள். பட்டாணி அளவில் ஓர் அறை திறந்துகொண்டது. உள்ளே மெழுகு வெள்ளையில் கூட்டுப்புழு. கண் மட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. லேசாக வயிற்றை ஆட்டியது. உயிர் இருக்கிறது. ஆனால் அது முதுகைக் காட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தது.

7

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் குட்டை மூக்கு. மூட்டைகள் வண்டியேறின, மூவரும் சிரித்தார்கள். இன்னொன்றில் நீள மூக்கு. மூட்டைகள் எரிந்தன, மூவரும் அழுதார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அசடு வழிந்தது. ஒன்றை எழுதிவிட்டு, சிரித்தார்கள் என்ற இடத்தில் அழுதார்கள் என்று போட்டுக் கவிழ்த்து ஒற்றியிருக்கிறேன். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

எனவே இனி உங்கள் பாடு. தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாற்றங்கால்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேசைமேல் மெல்லிய தூரிகை ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுப்புழு மகா மென்மையானது, அழுத்தினால் போய்விடும். பக்கவாட்டில் தொட்டு, மெதுவாகப் புரட்டுங்கள்.

என்ன தெரிந்தாலும் உரக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் கையெழுத்து ஏற்கெனவே காய்ந்துவிட்டது.