வாப்பாவுக்கு வந்த சீனி

ஆறாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஆகவே ஜூன் மாதப் பரீட்சைக்குள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாக வேண்டும்: பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது, வரைபடத்தை அளந்து ஊருக்கும் ஊருக்கும் தூரம் சொல்வது, பேட்டரியை வைத்து பல்பு எரியவிடுவது, கட்டுரை எழுதுவது. ரபாபுக்கு முதல் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. கட்டுரைதான் வராது.

நுஸ்ஹா டீச்சர் தெத்துவானிலிருந்து அந்த வருடம்தான் செஃப்ரூவிலிருந்த அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர். கட்டுரைக்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் இடம், அடுத்து ஒரு திடீர்ச் சம்பவம், பிறகு மனசு பட்ட பாடு, கடைசியில் முடிவு. "வாசிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரலேன்னா நீங்க எழுதினது கட்டுரை இல்ல, மளிகைக்கடைச் சீட்டு," என்பார்.

'மறக்க முடியாத ஒரு நாள்' என்று தலைப்பு கொடுத்தார். ரபாபின் வாழ்க்கையில் மறக்க முடியாதபடி எதுவும் நடந்திருக்கவில்லை. பேனாவை மென்றுகொண்டிருந்தவளுக்கு, வரைபடப் பாடத்தில் அளந்த திச்கா மலைப்பாதை ஞாபகம் வந்தது. வாப்பா புஷைப் லாரி ஓட்டுகிறவர். அப்புறம் என்ன, லாரி திச்காவில் உருண்டது, வெள்ளைத் துணி வந்தது, டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட துக்கச் சொற்கள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பத்துக்குப் பத்து.

நல்ல கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டுவது டீச்சரின் வழக்கம். இதை அவர் வாசிக்கவில்லை. மணி அடித்த பிறகு ரபாபை மட்டும் நிறுத்திவைத்துக் கட்டிக்கொண்டார்.

"அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும் கண்ணு. ஏன்டி என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயையும் திறந்தாள். அதற்குள் டீச்சரின் கண்ணீர் அவள் உச்சந்தலையில் விழுந்துவிட்டது. பத்து மார்க்கும் போய்விடுமே என்ற பயமும் கூடவே இருந்தது. தலையை ஆட்டிவைத்தாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வாப்பா வீட்டில் இருந்தார். அகாதிரிலிருந்து ஃபெஸ் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவர் வீட்டில் இருப்பதே அபூர்வம். கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். ரபாப் திறந்தால், நீலத்தாள் சுற்றிய சீனிக் கூம்பை இரண்டு கையிலும் ஏந்தியபடி நுஸ்ஹா டீச்சர். கல்யாண வீட்டுக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"உம்மா இருக்காங்களா?"

"தூங்குறாங்க டீச்சர்."

உள்ளே உம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் தெருவுக்கே கேட்டது. "சரி, எழுப்பாதே. ஆளுங்களைப் பார்க்கிற நிலைமையில இருக்க மாட்டாங்க," என்று கூம்பை அவள் கையில் வைத்துவிட்டு டீச்சர் போய்விட்டார்.

"யாருடி?" என்றார் வாப்பா.

"எங்க டீச்சர். கட்டுரைல பத்துக்குப் பத்து வாங்கினேன்ல, அதுக்குச் சீனி." பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

புஷைப் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாமினா, இங்க வந்து பாரு! வாத்தியாருக்கு நாமதான் சீனி கொண்டுபோவோம். வாத்தியாரே நம்ம வீட்டுக்குக் கொண்டாந்திருக்காங்க!"

"அவ உங்களை மாதிரியா? நீங்க வாத்தியார் சைக்கிளைப் பஞ்சராக்கினவராச்சே," என்றாள் உம்மா.

"பஞ்சர் இல்ல. காத்தைத்தான் பிடுங்கினேன்."

அவரே சுத்தியலை எடுத்துக் கூம்பை உடைத்தார், அவரே புதினா போட்டு டீ வைத்தார், கெண்டியை உயரத் தூக்கி நுரை வர ஊற்றினார். முதல் கிளாஸை மகளிடம் நீட்டினார்.

"குடி. இது உன் சம்பாத்தியம்."

கிளாஸ் சுட்டது. அவள் கீழே வைக்கவும் இல்லை, வாயருகே கொண்டுபோகவும் இல்லை.

"அசர் தொழுதுட்டு, ஒரு பெட்டி தக்காளியோட போய் அந்த டீச்சருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம் வாப்பா."

"ஏன் வேணாம்?"

"நீங்க செத்துப்போயிட்டீங்க."

தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "ரோட்டுலயே கெடக்கிற மனுஷனைப் பத்தி என்ன வார்த்தைடி எழுதின!" என்று உம்மா கையை ஓங்கினாள். வாப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க விழுந்தேன்?"

"திச்காவுல."

"அட மக்கே, என் வண்டி அந்தப் பக்கமே போகாதே! மர்ராகேஷ்லேருந்து எனக்கு நேர் ரோடு. நீயெல்லாம் வரைபடம் படிச்சு..." தன் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "எனக்கு வந்த சீனி, நானே குடிச்சிட்டேன். சரி, கிளம்பு. என்னைக் கொண்டுபோய்க் காட்டு."

டீச்சர் மருந்துக்கடை மாடியில் குடியிருந்தார். கதவு திறந்ததும் ரபாப் சொன்னாள்: "இது எங்க வாப்பா, டீச்சர். நான் பொய் எழுதிட்டேன்."

நுஸ்ஹா டீச்சர் புஷைபைப் பார்த்தார், அவர் தோளிலிருந்த தக்காளிப் பெட்டியைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே சொல்லிக்கொடுத்தேன், கண்ணுல தண்ணி வரணும்னு. எனக்கு ராத்திரியெல்லாம் வந்துச்சு."

"பத்து மார்க்கை எடுத்துடுங்க டீச்சர்."

"அது எழுத்துக்குப் போட்டது. இருக்கட்டும். நான் கேட்டப்போ தலையாட்டின பாரு, அதுக்கு என்ன போடறதுன்னுதான் எனக்குத் தெரியல."

ரபாபுக்கு உம்மாவிடம் அடி வாங்கியிருந்தால் தேவலைபோல் இருந்தது.

மறுநாள் விடியும்போது வாப்பா கிளம்பினார். வழக்கமாக ஏறுவார், ஹாரன் அடிப்பார், போய்க்கொண்டே இருப்பார். அன்று ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். பிறகு கோணியை விரித்து லாரிக்கு அடியில் படுத்துவிட்டார். ரபாப் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்பானர் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, நின்றது.

"ஏறுறப்பவா, இறங்குறப்பவா?"

"என்ன வாப்பா?"

"நீ எழுதினது."

"இறங்குறப்ப."

"ம்."

மறுபடி ஸ்பானர் சத்தம். பிரேக் இருக்கும் பக்கமாக வாப்பா நகர்ந்தார்.

"டார்ச்சை ஆட்டாமப் பிடி," என்றார்.