பயணம் செய்கிறவர்களுக்காக

கண்மாய்க் கரையை ஒட்டிக் கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் மைக் கட்டிய ஆட்டோ நின்றது. பின்னால் நடந்து வந்த நாற்பது பேரும் நின்றார்கள். தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. மதுரையிலிருந்து இடைக்காட்டூர் தேவாலயத்துக்கு நடக்கும்போது, அவரவர் வேண்டுதலை எழுதிக் கொடுத்த மன்றாட்டுச் சீட்டுகளை இங்கே நின்றுதான் வாசிப்பார்கள்.

அமலோற்பவம் எல்லோருக்கும் கடைசியில் நின்றாள். பின்னால் வரும் வண்டிகளுக்குக் காட்ட அவள் கையில் சிவப்புக் கொடி. அந்த வேலையை வருடாவருடம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

ஐந்து வருடத்துக்கு முன் இதே நடையில், இதே இடத்தில், அவள் கணவன் இன்னாசி ஒன்றுக்குப் போக முள்ளுக்குள் இறங்கினான். "நீ நட, வாரேன்" என்றான். வரவில்லை. போலீஸ் வந்தது, நாய் வந்தது. கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்ததால் அதில் தேட எதுவும் இல்லை. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம் மாமியார் வீட்டில் படத்துக்கு மாலை போட்டார்கள். அவள் போகவில்லை. வேலை பார்க்கும் கப்பலூர் கம்பெனிப் படிவத்தில் கணவர் என்ற இடத்தில் இன்னும் 'வெளியூர்' என்றுதான் எழுதுகிறாள். இங்கே கொடுப்பதும் ஒரே சீட்டு: பயணம் செய்கிறவர்களுக்காக, இன்னாசி.

செபம் நடத்தும் மிக்கேல் முதலில் இறந்தவர்களுக்கான சீட்டுகளின் கட்டை எடுத்தான். அவன் பெயர் சொன்னான், கூட்டம் பதில் சொன்னது. வெயில் ஏறியிருந்தது. பெயர், பதில். பெயர், பதில். சவரியாயி. சந்தியாகு. இன்னாசி.

"நித்திய இளைப்பாற்றி அளித்தருளும்."

அதில் அவள் குரலும் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் பெயர் காதில் விழுந்தது.

ஆட்டோ வரைக்கும் நடந்து போனாள்.

"மிக்கேலு, அவரு பேரு அந்தக் கட்டுல எப்படி வந்துச்சு?"

அவன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். "ஐயோ, மாறிருச்சுக்கா. ரெண்டையும் ஒரே ரப்பர் பேண்டுல போட்டுட்டாய்ங்க."

"திருப்பி எடு."

"செபத்த எப்படிக்கா திருப்பி எடுக்க?"

"விடு மாப்ள" என்றான் ஆட்டோ ஓட்டும் காளை. "நீ தப்பா வாசிச்சா சாமி பாக்காம கையெழுத்துப் போட்டுருமா? அது என்ன தாலுகா ஆபீஸா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"நானும்ல சொல்லிட்டேன்" என்றாள்.

சிரிப்பு நின்றது. மிக்கேல் மைக்கைச் சரிசெய்தான்.

"பயணம் செய்கிறவர்களுக்காக. இன்னாசி."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். அவள் வாய் திறந்தாள். நாக்கு எழவில்லை.

ஆட்டோ நகர்ந்தது. கூட்டம் போனது. அவளும் கடைசி ஆளாகக் கால் எடுத்து வைத்தபோது எதிரே வந்த மணல் லாரி ஒன்று வேகம் குறைந்து நின்றது. டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, முள் இருந்த பக்கம் பார்த்தான். கையை வெளியே நீட்டி, வா, கடந்து போ என்று யாருக்கோ சைகை காட்டினான்.

அவள் திரும்பவில்லை. ஒரு ஆள் ரோட்டைக் கடக்கிற நேரம் லாரி அப்படியே நின்றிருந்தது.